பிடிப்பவன் பெறும் கல்வி

(மரக்காணத்தில் கபடி ஆடும் இளைஞரிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கழுவெளிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே விரிந்து கிடக்கும் இந்த உப்புப் பூமியில், ஐப்பசி கார்த்திகை மழையால் பாத்திகளில் வேலை நின்றுபோகும் காலமும், தை பிறந்து மறுபடி வரப்புக் கட்டத் தொடங்கும் முன் வரும் பொங்கல் நாட்களும் கபடிக்கே உரியவை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு முழுவதும் விளக்கொளியில் ஊரே விழித்திருந்து பார்க்கும் அந்த ஆட்டங்களில், பாடிச் சென்று இருவரையோ மூவரையோ தொட்டு மீண்டு வருகிறவனுடைய பெயர் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. சிறுவர்கள் அவன் பின்னே ஓடுகிறார்கள். அவனைப் புகழ்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும் இன்று நான் பேச வந்தது அவனைப் பற்றியன்று. அவனால் தொடப்பட்டு, தலை குனிந்து, களத்துக்கு வெளியே போய் உட்கார்ந்த அந்தப் பதினேழு வயதுப் பையனைப் பற்றி.

அவனுக்கு அடுத்து என்ன நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசித்தி பெற்ற ஒரு ரைடர் அந்த இரவில் அவனை நான்கு முறை ஏமாற்றிவிட்டுப் போகிறான். ஆட்டம் முடிந்ததும் ‘கார்னரில் ஓட்டை’ என்று நாலு பேர் சொல்கிறார்கள். மறு ஆட்டத்தில் அவனுடைய இடத்தில் வேறொருவன் நிற்கிறான். ஓர் ஆசிரியரிடம் கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காத ஓர் அரிய சிக்ஷையை அந்த நாற்பது நிமிஷத்தில் அவன் பெற்றுவிட்டான் என்பதையும், அந்தச் சிக்ஷை பயன் தருவதற்குள் அவனை வெளியேற்றியதன் மூலம் நாமே நம் அணியின் மூலதனத்தைக் கடலில் எறிந்துவிட்டோம் என்பதையும் நாம் உணர்வதில்லை. பிடிப்பவன் தோற்றுத்தான் கற்க முடியும். தன்னிலும் மிக்கவனிடம் தோற்றால்தான் நன்றாகக் கற்க முடியும். இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆட்டத்தின் நியாயத்தையே முதலில் பாருங்கள். பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஆடவர் களத்தில், பாதிக்குள் ஏழு பேர் நிற்க, ஒருவன் 30 விநாடிக்குள் வந்து போக வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்தால் ஏழு பேருக்கு ஒருவன் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் அந்த ஒருவனுக்குத் தான் என்ன செய்யப் போகிறோம் என்பது தெரியும். ஏழு பேருக்கும் அது தெரியாது. அவன் கேள்வி கேட்கிறவன். இவர்கள் விடை சொல்லக் காத்திருக்கிறவர்கள். அவன் பிடிபட்டால் இவர்கள் அணிக்கு ஒரு புள்ளி கிடைக்கிறது. இவர்கள் பிடித்த பிடி நழுவினாலோ, அவன்மேல் கை வைத்த அத்தனை பேரும் வெளியேற வேண்டியதுதான். ஆகையால் பிடிப்பவனுடைய பிழை அவனோடு நிற்பதில்லை. உதவிக்கு ஓடிவந்த தோழர்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. அப்படி நேரும்போது அந்த இளைஞனுடைய மனத்தில் உண்டாகும் லஜ்ஜை, தோல்வியைவிடக் கொடியது.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லுகிறேன். புரோ கபடி லீகின் ஐந்தாம் பருவத்தில், பாட்னா பைரேட்ஸ் அணிக்கும் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கும் நடந்த வெளியேற்றுச் சுற்று அது. ஹரியானாவின் சோனிபட் மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்த பர்தீப் நர்வால் அன்று தனி ஒருவராக 34 புள்ளிகள் எடுத்தார்; பாட்னா 69, எதிரணி 30 என்று ஆட்டம் முடிந்தது. அதில் ஒரே ஒரு பாட்டில், அதாவது ஒரே ரைடில், களத்தில் எஞ்சியிருந்த ஆறு பேரையும் வெளியேற்றி, ஆல் அவுட் புள்ளிகள் இரண்டையும் சேர்த்து எட்டுப் புள்ளிகளோடு அவர் நடுக்கோட்டுக்குத் திரும்பினார். அந்த ஆறு பேரும் கற்றுக்குட்டிகள் அல்லர். இந்தத் தேசத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள். பின் எப்படி நேர்ந்தது? பர்தீப் கையாளும் ‘டுப்கி’ என்ற உத்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பிடிப்பவர்கள் கை கோத்து அவருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே வந்து அடைத்தவுடன், அவர் சட்டென்று இடுப்பு மடிந்து, கோத்த கைகளுக்கு அடியில் நீரில் மூழ்குகிறவர்போலப் புகுந்து மறுபுறம் எழுவார். நிமிர்ந்து நின்றவன் அங்கே அகப்பட்டுக்கொள்கிறான்; முழங்காலை மடித்துத் தாழ நின்றவனுக்குத்தான் தடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. ‘தாழ நில்’ என்று பயிற்சியாளர் நூறு முறை சொல்லியிருப்பார். ஆனால் ஒரு பர்தீப் தன் கைக்கு அடியில் புகுந்து போன பிறகுதான், அந்தச் சொல் ஒருவனுடைய முழங்காலுக்குள் இறங்குகிறது.

நம் ஆட்டத்துக்கு மட்டும் உரிய துயரமன்று இது. ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கே உரிய ஒருவகைக் கால்பந்து உண்டு. நீள்வட்ட மைதானத்தில், முட்டை வடிவப் பந்தைக் கொண்டு, அணிக்குப் பதினெட்டுப் பேராக ஆடுவது. அதில் முன்களத்தில் நிற்கும் கோல் வேட்டைக்காரன் ஒருவனுக்கு எதிராகப் பின்காவலன் ஒருவன் நிறுத்தப்படுகிறான்; ஆட்டம் முழுதும் அந்த இருவருக்குள் நடப்பது ஏறக்குறையத் தனிப் போர். டோனி லாக்கெட் என்ற பேருருவம் படைத்த முன்கள வீரர், 1937இல் ஓய்வு பெற்ற கார்டன் கவென்ட்ரியின் 1299 கோல் என்ற சாதனையை 1999இல் கடந்து, முடிவில் 1360 கோல்களோடு நின்றார். அவருக்கு எதிரே முதன்முறையாக நிறுத்தப்பட்ட இளம் பின்காவலர்களின் நிலையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அங்கே தோற்ற காவலனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அடுத்த பந்து வரும்போதும் அதே மனிதருக்கு அருகில் அவன் நின்றே ஆக வேண்டும். கபடியில் அப்படி இல்லை. பிழை செய்தவன் வெளியே வந்து, தன் அணி புள்ளி எடுத்துத் தன்னை மீட்கும் வரை, களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நம் ஆட்டம் விதித்திருக்கிறது. இதைத் தண்டனை என்றே எல்லோரும் கருதுகிறோம். எனக்கோ, நம் முன்னோர் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தை வைத்துவிட்டார்கள் என்று படுகிறது. தன்னை ஏமாற்றிய அதே பாடுபவன், அடுத்த முறை வந்து தன் தோழனை எப்படி ஏமாற்றுகிறான் என்பதை அவன் பத்தடி தூரத்திலிருந்து, பயமும் படபடப்பும் இல்லாமல் பார்க்கிறான். எந்தத் தோள் முதலில் அசைகிறது, எந்தப் பாதத்தில் பாரம் நிற்கிறது, கண் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போவது எந்தக் கணத்தில் என்பதெல்லாம் உள்ளே நிற்கும்போது தெரியாமல், வெளியே உட்கார்ந்திருக்கும்போது பளிச்சென்று தெரிகின்றன. அந்த நேரத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தரையைக் கீறிக்கொண்டிருக்கும் தம்பி, தனக்கு நடக்கும் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான்.

இனி, இந்தக் கல்வியை முழுதாகக் கற்ற ஒருவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். வடக்கு ஈரானைச் சேர்ந்த ஃபாஸல் அத்ராச்சலி. 1992இல் பிறந்த அவர் மல்யுத்தப் பாரம்பரியம் வேரூன்றிய ஒரு நாட்டிலிருந்து நம் ஆட்டத்துக்கு வந்தவர். 2014இல் இஞ்சியோன் நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், ஈரான் 25, இந்தியா 27 என்று இரண்டே புள்ளிகளில் தங்கம் கைநழுவிப் போனபோது, அந்தத் தோற்ற அணியில் அவர் இருந்தார். இந்தியாவுக்கு அது தொடர்ந்து ஏழாவது தங்கம். 1990இல் பெய்ஜிங்கில் கபடி முதன்முதலாகப் பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்ட நாள்முதல் அதுவரை வேறு எவருக்கும் அந்தத் தங்கத்தை நாம் விட்டுக்கொடுத்திருக்கவில்லை.

இரண்டாண்டு கழிந்து 2016இல், புரோ கபடியின் நான்காம் பருவத்தில் அவர் பாட்னா அணிக்காக இடப்பக்கக் கார்னரில் நின்றார். அந்த அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? நம் தஞ்சை மண்ணைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். அவருக்கு அப்போது வயது 41. தம் வயதில் பாதியே ஆன பிள்ளைகளோடு களமிறங்கி, ‘அண்ணா’ என்று வடநாட்டு வீரர்களும் அழைக்கும்படி வாழ்ந்த அந்தப் பெருமகன், வலப்பக்கக் கார்னரில் நின்றுகொண்டு, அந்தப் பருவத்தின் கோப்பையை அணிக்குப் பெற்றுத் தந்தார். பர்தீப் நர்வாலும் அதே அணியில்தான் இருந்தார். ஒரு கோடியில் தமிழ்நாட்டு மூத்தவர், மறு கோடியில் ஈரானிய இளைஞர், எதிரிகளைக் கலக்குவதற்கு ஹரியானாவின் பர்தீப் என்ற அந்தச் சேர்க்கையை நினைக்கும்போதெல்லாம், இந்த ஆட்டம் எவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது என்ற ஆனந்தம் எனக்கு உண்டாகிறது.

அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம். சில மாதங்களுக்கு முன் ஒரே அணியில் தோளோடு தோள் நின்றவர்கள் இப்போது எதிரெதிர் அணியினர். முற்பாதி முடிவில் ஈரான் 18, இந்தியா 13. ஃபாஸலும் அவருடைய தோழர்களும் அப்போது என்ன எண்ணியிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். ஆனால் பிற்பாதியில் அஜய் தாக்கூர் எழுந்தார். இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த, நெடிய மெல்லிய தேகம் கொண்ட அந்த வீரர், கணுக்காலைப் பிடிக்கக் குனிந்தவனுக்கு மேலாகத் தாவியும், நிமிர்ந்தவனை ஓடும் கையால் தொட்டும், அன்று 12 புள்ளிகளைச் சேர்த்தார். ஆட்டம் 38க்கு 29 என்று இந்தியாவின் பக்கம் முடிந்தது. ஐந்து புள்ளி முன்னிலை கரைந்து ஒன்பது புள்ளித் தோல்வியாக மாறியது, பிடிப்பவர்களுக்கு எவ்வளவு கசப்பான அனுபவம்!

நான் ஈரானியரைப் பெரிதும் மதிப்பது இதற்குப் பின் அவர்கள் செய்ததற்காக. பிடிப்பவர்களை அவர்கள் கலைத்துவிடவில்லை. தோற்றவர்களையே மறுபடி நிறுத்தினார்கள். அந்தத் தோற்றவர்களோ, தங்களைத் தோற்கடித்தவர்களுடைய நாட்டுக்கே ஆண்டுதோறும் வந்து, லீக் ஆட்டங்களில் அவர்களோடும் அவர்களுக்கு எதிராகவும் ஆடி, ஒவ்வொருவருடைய கால் வைப்பையும் மனப்பாடம் செய்தார்கள். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதி. இந்தியாவுக்குத் தலைவர் அதே அஜய் தாக்கூர். முடிவு ஈரான் 27, இந்தியா 18. அகமதாபாத்தில் 38 புள்ளி எடுத்த அணி இங்கே 18 புள்ளிக்கு மேல் எடுக்க முடியவில்லை என்பதுதான் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது. அந்த வெற்றியில் ஈரானின் பாடுபவர்களுக்கும் பங்குண்டு என்றாலும், இருபது புள்ளிகளைக் குறைத்துக் காட்டியது பிடித்த கைகள்தாம். இறுதியில் தென் கொரியாவை 26–16 என்று வென்று அவர்கள் தங்கம் கொண்டு போனார்கள். அதே போட்டியில் ஈரானிய மகளிரும் நம் மகளிரை வென்று தங்கம் பெற்றார்கள்; அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் ஷைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணி. கற்பிப்பவர் எங்கிருந்தாலும் போய்ப் பெற்றுக்கொண்டார்கள்.

ஃபாஸலுடைய பாதை அதன்பின் வெற்றி மயமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில், நெடுநேரச் சர்ச்சைக்குப் பின், இந்தியா 33, ஈரான் 29 என்று மறுபடியும் அவர் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். ஆனாலும் லீகில் 400க்கு மேற்பட்ட பிடிப்புப் புள்ளிகளைச் சேர்த்து, கார்னரில் நிற்கும் ஒருவனும் அணியின் மையமாக விளங்க முடியும் என்பதை நிலைநாட்டிவிட்டார். 2018 ஏலத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு யூ மும்பா அணி அவரை எடுத்தபோது, அந்தத் தொகையை எட்டிய முதல் ஆட்டக்காரர் அவரே. கவனியுங்கள், பாடுபவர் ஒருவரும் அல்லர், பிடிப்பவர்! அந்த அணிக்கு ஃபாஸல் தலைவரானார். வலப்பக்கக் கார்னரில் அவருக்குக் கீழ் ஆடியவர் நம் சேரலாதன். முன்பு தலைவராக நின்றவர், தம்மினும் பதினேழு வயது இளையவரின் தலைமையை ஏற்று, அதே சிரத்தையோடு ஆடிய அந்தப் பெருந்தன்மையைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, அந்த ஈரானிய இளைஞர்கள் அப்படி என்னதான் கற்றார்கள்? என் மனத்துக்குப் பட்ட அளவில், அவர்கள் கற்றதில் முக்கால் பங்கு பொறுமைதான். இளம் வயதில் பிடிப்பவனைக் கெடுப்பது பலக் குறைவன்று, அவசரம். பாடுபவன் ஒரு காலை நீட்டிக் காட்டுகிறான்; அது தூண்டில். ஆவேசம் கொண்ட பையன் பாய்கிறான், உடம்பின் பாரமெல்லாம் முன்னே விழுகிறது, கால் அங்கே இல்லை, விரல் நுனி மட்டும் பட்டது, அவன் அவுட். உண்மையில் சட்டமே பிடிப்பவன் பக்கம் இருக்கிறது என்பதை அவன் மறந்துவிடுகிறான். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள கோட்டை, யாரையும் தொடாத பாடுபவன் கடந்தே ஆக வேண்டும்; கடக்காவிட்டால் அவனே அவுட். இரண்டு முறை வெறுமையாகத் திரும்பிவிட்டால், மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும். ஆகவே அவன் வருவான். நாம் தேடிப் போக வேண்டியதில்லை. போனஸ் கோட்டைக் கடக்கும்போது ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்குகிறானே, அந்தக் கணத்தில் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். திரும்பி நடுக்கோட்டை நோக்கும் கணத்தில் அவன் கண் நம்மை விட்டுப் போகிறது. பிடிக்க வேண்டிய காலம் அவையே.

உப்பளத்தில் பிறந்த உங்களுக்கு இதை வேறு யாரும் கற்பிக்க வேண்டாம். கடல்நீர் பாத்தி பாத்தியாக நடந்து, வெயிலில் கனத்து, நீரின் கனத்தை அளக்கும் போமானியில் 25 பாகை காட்டும்போதுதான் உப்பு இறங்கத் தொடங்குகிறது. அதற்குமுன் எத்தனை வாரினாலும் தண்ணீர்தான். அப்படியே விட்டு 30 பாகையை நெருங்கவிட்டாலோ, மக்னீசியக் கசப்பு உப்போடு சேர்ந்துவிடும். முந்தினாலும் பிந்தினாலும் கெட்டுப்போகிற ஒரு தொழிலில், சரியான பதத்தைக் கண்ணாலேயே அறிகிற தகப்பன்மாருக்குப் பிறந்தவர்கள் நீங்கள். அந்தக் கண்ணை ஆடுகளத்துக்கும் கொண்டு வாருங்கள் என்றே கேட்கிறேன்.

கற்க வேண்டிய மற்றொன்று, தான் தனியன் அல்லன் என்பது. கார்னரில் நிற்பவன் கணுக்காலைப் பிடித்தவுடன் கவரில் நிற்பவன் வந்து இடுப்பை அடைக்காவிட்டால் அந்தப் பிடி நிலைக்காது. அவன் வருவானா என்பது பயிற்சியில் மட்டும் தெரிகிற விஷயமன்று. சேர்ந்து தோற்ற இருவருக்குள் உண்டாகும் நம்பிக்கையைச் சார்ந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் ஆளை மாற்றிக்கொண்டே போகும் அணியில் இந்த நம்பிக்கை எப்படி முளைக்கும்? 2022 டிசம்பரில் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணியின் இளம் தடுப்பாட்டக்காரர்கள், பர்தீப் நர்வாலைக் கொண்டிருந்த யூ.பி. யோதாஸ் அணியை 36–36 என்ற சமநிலைக்குப் பின், சமன்முறிப்பில் 6–4 என்று வென்று, தங்கள் அணியை முதன்முறையாக அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார்கள். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயமுற்றுத் தலைவர் பவன் செராவத் விலகிப்போக நேர்ந்தும், அவர்கள் கலைக்கப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் ஒருவன் ஏமாற்றப்பட்டதை ஊருக்கு நேர்ந்த அவமானமாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. அந்த அவமானத்தைத் தோளில் சுமந்த பையன், அடுத்த பாட்டில் ஆளைத் தூக்கித் தரையில் அடிக்கிறான். வெறியோடு கழுத்தைப் பற்றுகிறான். எதிரியின் முழங்கால் போகிறது, சில சமயம் அவனுடையதே போகிறது. ஊர்மானத்தைச் சிறுவர்களின் எலும்பில் கட்டித் தொங்கவிட நமக்கு உரிமை இல்லை. பெரியோர்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஓரத்திலிருந்து அவனை ஏவிவிடாதீர்கள், அவன் பார்க்கட்டும், கற்கட்டும்.

கற்ற பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. மணத்தி கணேசன் தென்கோடிக் கிராமத்திலிருந்து எழுந்து 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்ற கபடி அணியில் ஆடினார். சென்னைக் கண்ணகி நகரத்துக் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியின் துணைத் தலைவியாக இருந்தார். மரக்காணத்துக்கு மட்டும் அது ஏன் கூடாது? ஆகையால் வரும் பொங்கல் போட்டிக்கு நான் கேட்பது மூன்று. நாம் ஆடுவது மண்ணில். மேல்நிலைப் போட்டிகள் நடப்பது விரிப்பில். வழுக்காத விரிப்பில் பாடுபவன் திரும்பும் வேகமே வேறு. ஆண்டுக்குச் சில வாரமாவது நம் பையன்களும் பெண்களும் விரிப்புள்ள அரங்கில் பயில ஏற்பாடு செய்யுங்கள். சிறந்த பாடுபவருக்கு என்ன பரிசோ, சிறந்த பிடிப்பவருக்கும் ஒரு ரூபாய் குறையாமல் அதையே கொடுங்கள். போட்டிக்கு வெகு முன்னதாகவே, நம்மை எப்போதும் தோற்கடிக்கும் அணியின் தலைசிறந்த ரைடரை அழைத்து, சோறு போட்டு, ஒரு வாரம் இங்கேயே தங்கச் செய்து, நம் கார்னர் பையன்களை நாள்தோறும் ஏமாற்றச் சொல்லுங்கள். சென்ற முறை நான்கு தரம் தொடப்பட்டு வெளியே போனானே, அந்தத் தம்பி இந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கிறான். அந்தப் பயிற்சியில் முதல் நாள் முதல் பாட்டுக்குக் கார்னரில் நிற்க வேண்டியவன் அவன்தான்.